குடியிருப்பு வாயிலுக்கு எந்த ரெக்கார்டர்: டிவிஆரா, என்விஆரா, கிளவுடா?

வாயிலோன்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பில் சுமார் 140 வீடுகள். நுழைவாயில் ஒன்றுதான்: வண்டிகள் உள்ளே வர ஒரு தடம், வெளியே போக ஒரு தடம், நடப்பவர்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கதவு. நான்கு பழைய அனலாக் கேமராக்களும் காவலர் அறை மேசைக்கடியில் ஒரு டிவிஆரும் (கோ-ஆக்ஸ் கேபிளில் வரும் படத்தைப் பதியும் பெட்டி) இருக்கின்றன. அண்மையில் ஒரு வண்டி தடுப்புக் கம்பத்தை இடித்துவிட்டுப் போய்விட்டது. பதிவைப் போட்டுப் பார்த்தால் வண்டி தெரிகிறது, நிறம்கூடத் தெரிகிறது. எண் பலகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

புதிதாக வாங்குவது என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. மூன்று பேர் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் 8 சேனல் டிவிஆர், அதாவது எட்டு கேமரா வரை சேர்க்கலாம், பழைய கேபிளே போதும் என்கிறார். இன்னொருவர் 16 சேனல் என்விஆர் (நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமராக்களைப் பதியும் பெட்டி). மூன்றாமவர் ரெக்கார்டரே வேண்டாம், எல்லாம் கிளவுடில், இணைய வழிச் சேமிப்பில், இருக்கட்டும் என்கிறார். எங்கள் தேவை: 30 நாள் பதிவு, வண்டி எண் தெரிய வேண்டும், சிறு கதவு வழியே வருபவர் முகம் தெரிய வேண்டும். வாயிலிலிருந்து சங்க அலுவலகம் ஏறத்தாழ 160 மீட்டர். எதை எடுப்பது?

கம்பிவடம்
ரெக்கார்டரை ஓரமாக வையுங்கள், ஐயா. கேமரா பிடிக்காத எண்ணை எந்தப் பெட்டியாலும் பின்னால் வரவழைக்க முடியாது. உங்கள் படத்தில் எண் ஏன் வெள்ளையாக இருந்தது என்று முதலில் பாருங்கள்.

பழைய அனலாக் கேமரா என்றால் படத்தின் அகலம் சுமார் 704 பிக்சல். அது வாயில் முழுவதையும், அதாவது ஒரு 12 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 58 பிக்சல்தான் கிடைக்கும். அரை மீட்டர் அகலமுள்ள எண் பலகைக்கு 29 பிக்சல். அதில் பத்து எழுத்தென்றால் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று பிக்சல்கூடத் தேறாது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐஇசி 62676-4 என்ற தரநிலையின் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது. ஒரு தடத்தை மட்டும், 4 மீட்டர் அகலத்துக்கு, 1920 பிக்சல் கேமராவால் பார்த்தால் மீட்டருக்கு 480 வரும். அப்போது எழுத்து எழுத்தாகத் தெரியும்.

ஆகவே தடத்துக்கு ஒன்றாக எண்ணுக்கென்றே இரண்டு கேமரா. அவை வேறு எதையும் பார்க்க வேண்டாம். வாயில் முழுவதையும் பார்க்க வேறு இரண்டு. சிறு கதவில் முகத்துக்கு ஒன்று, முகமட்டத்திலிருந்து சற்றே மேலே. நான்கு மீட்டர் உயரத்தில் மாட்டினால் ஒவ்வொருவர் தலை உச்சியும் தொப்பியும்தான் பதிவாகும்.

திண்ணை
ஐந்து கேமராவுக்கு 16 சேனலா? யார் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்?

கம்பிவடம்
திண்ணை சொல்வது சரிதான். அங்கே ஏதாவது விட்டுப்போனால் இன்னொன்று சேரும், ஆறு. 8 சேனல் தாராளம். ஆனால் சேனல் எண்ணிக்கையைப் பார்த்து ரெக்கார்டர் வாங்குவதே தவறான தொடக்கம். அட்டையில் 16 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். உள்ளே வரும் தரவுக்கு மொத்தம் எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு) தாங்கும், பழைய பதிவை ஒரே நேரத்தில் எத்தனை கேமராவுக்கு ஓட்டிக் காட்டும் என்பவை விவரத்தாளின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ‘நான்கு கேமரா பதிவையும் சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டும்’ என்னும் நேரத்தில் பெட்டி திணறி நின்றால் அத்தனை சேனல் இருந்து என்ன பயன்? அறிவார்ந்த தேடல் என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அதுவும் பல பெட்டிகளில் ஓரிரு சேனலுக்குத்தான் வேலை செய்யும். எத்தனைக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

கணக்கர்
30 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். விலைப்புள்ளிகளில் ஹார்ட் டிஸ்க் அளவு என்ன போட்டிருக்கிறார்கள்?

வாயிலோன்
டிவிஆரில் 2 டிபி, என்விஆரில் 4 டிபி. இரண்டு பேருமே 30 நாள் தாராளமாக வரும் என்றார்கள்.

கணக்கர்
வராது. ஒரே ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும்: 1 எம்பிபிஎஸ் வீதம் ஒரு நாள் முழுக்கப் பதிந்தால் 10.8 ஜிபி ஆகும். 

உங்கள் ஆறு கேமராவில் எண் பார்க்கும் இரண்டுக்கும் தலா 6 எம்பிபிஎஸ், மற்ற நான்குக்கும் தலா 4 என்று வைத்தால் மொத்தம் 28. ஒரு நாளைக்கு 302 ஜிபி. 30 நாளைக்கு 9 டிபிக்குச் சற்று மேல். அவர்கள் சொன்ன 4 டிபி இரண்டு வாரத்தைக்கூடத் தாண்டாது, 2 டிபி ஒரு வாரத்தில் பழையதை அழிக்கத் தொடங்கிவிடும். 10 டிபி டிஸ்க் போட்டால் 33 நாள் கிடைக்கும். திரையில் 9.09 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தால் வகுக்கிறார், பெட்டி 1024 ஆல் வகுக்கிறது, இடம் ஒன்றுதான்.

‘அசைவு இருந்தால் மட்டும் பதியும், அதனால் 4 டிபியே போதும்’ என்பார்கள். வாயில் என்பது நாள் முழுக்க அசைவுள்ள இடம். இரவில் மழை பெய்தாலும் அசைவு, விளக்கைச் சுற்றும் பூச்சியும் அசைவு, கேமரா முகத்தில் சிலந்தி வலை கட்டினால் விடிய விடிய அசைவு. இதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே ஒருவர் மெதுவாக ஓரமாக நுழையும்போது அது விழிக்காமலும் போகும். வாயிலில் தொடர்பதிவுதான் வேண்டும். அசைவை அதன் மேல் ஓர் அடையாளக்குறியாக மட்டும் வைத்துக்கொண்டால் தேடும்போது உதவும்.

இன்னொன்று, டிஸ்க்கின் வகை. கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை 24 மணி நேரமும் எழுதுவதற்குச் செய்தவை. ஆண்டுக்கு 180 டிபி வரையிலான பளுவுக்கு மதிப்பிடப்பட்டவை. உங்கள் வாயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 110 டிபி எழுதும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குகள் பலவும் அதில் பாதிப் பளுவைத்தான் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை. விலைப்புள்ளியில் ‘ஹார்ட் டிஸ்க் 1’ என்று மட்டும் இருந்தால் மாடல் எண் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள்.

பழையதடம்
எல்லோரும் புதிதாகக் கேபிள் இழுக்கச் சொல்லும்முன் ஒரு வார்த்தை. டிவிஆர் என்றாலே மங்கல் படம் என்பது பழைய காலத்துப் பேச்சு. இன்றைய டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி வகைகள் அதே கோ-ஆக்ஸ் கேபிளில் 5 மெகாபிக்சல், 8 மெகாபிக்சல் வரை கொண்டுவருகின்றன. நூறு மீட்டரைத் தாண்டினாலும் கவலையில்லை. ஐபி முகவரி, ஸ்விட்ச், கடவுச்சொல் என்ற தலைவலியும் கேமரா பக்கத்தில் இல்லை. கோ-ஆக்ஸ், ஐபி இரண்டையும் ஏற்கும் கலப்பு ரெக்கார்டர்களும் இருக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி எறிவது சங்கப் பணத்தைப் பிடுங்கி எறிவதுதான்.

கம்பிவடம்
@பழையதடம், வீட்டுக்குள் போட்ட கேபிள் என்றால் உங்களோடு சேர்ந்து நானும் வாதாடுவேன். வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்த வாயில் கேபிளின் பிஎன்சி முனையை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். அதன் வழியே 5 மெகாபிக்சல் அனுப்பினால் படத்தில் கோடு ஓடும். மேலும், எண் பார்க்கும் கேமராவுக்கு ஷட்டர் வேகம், அகச்சிவப்பு அளவு, லென்ஸ் நெருக்கம் எல்லாவற்றையும் நாமே அமைக்க வேண்டும். அதற்கென்றே வரும் கேமராக்கள் பெரும்பாலும் ஐபி வகையில்தான் உள்ளன.

ஷட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் விலைப்புள்ளியில் எழுதுவதில்லை. மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடிக்கு 5.6 மீட்டர் நகர்கிறது. இரவில் தானியங்கி அமைப்பு 1/25 நொடிக்கு ஷட்டரைத் திறந்து வைத்தால் அந்த ஒரு படத்துக்குள் வண்டி 22 சென்டிமீட்டர் போய்விடும். எழுத்து இழுபட்டுவிடும். 1/1000 நொடி என்றால் அரை சென்டிமீட்டர் சொச்சம்தான். ஷட்டரை அவ்வளவு குறைத்தால் படம் இருண்டுவிடும். ஆனால் ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள எண் பலகை அகச்சிவப்பு வெளிச்சத்தில் தனியாகப் பளிச்சென்று நிற்கும். வண்டியின் மற்ற பாகம் கறுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். நிறமும் வடிவமும் மற்றொரு கேமராவின் வேலை. வாயிலோன் ஐயா பார்த்த வெள்ளைக்கு முன்விளக்கும் பலகையின் பளபளப்பும் நீண்ட ஷட்டரும் சேர்ந்தே காரணமாக இருக்கும்.

வேகத்தடை ஒன்று, இல்லாவிட்டால் வண்டி நின்று போகும்படியான தடுப்புக் கம்பம். இவை எந்தக் கேமரா மேம்பாட்டையும் விட மலிவு.

பழையதடம்
முனை பச்சை பூத்திருந்தால் முனையை மாற்றினால் போயிற்று. எண்ணுக்கு இரண்டு ஐபி கேமரா, மற்றவை பழைய கேபிளில், கலப்பு ரெக்கார்டர். நான் இதையே சொல்வேன்.

கண்ணாடிஇழை
கலப்பு வழியில் தவறில்லை, ரெக்கார்டர் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்குமானால். அங்கேதான் எனக்குச் சிக்கல் தெரிகிறது. காவலர் அறை மேசைக்கடியில் ரெக்கார்டர் வைப்பது, பூட்டின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிடுவது போன்றது. வாயிலில் தகராறு செய்ய வந்தவன் போகும்போது பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவான். சூடு, தூசி, தேநீர்க் குவளை வேறு. ரெக்கார்டர் அலுவலகத்தில், பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். காவலருக்கு நேரடிப் படம் காட்டும் ஒரு திரை போதும்.

160 மீட்டர் என்றீர்கள். சாதாரண நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைதான். ‘இடையில் ஒரு பெருக்கி போட்டுவிடலாம்’ என்பார்கள். மரத்தடியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இன்னொரு பழுதை விலைக்கு வாங்காதீர்கள். வாயிலில் ஒரு பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரமும் தருவது), அங்கிருந்து அலுவலகம் வரை ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள். உலோகக் கவசம் இல்லாத ஃபைபராக இருந்தால் இன்னும் நல்லது: வாயில் கம்பத்தில் மின்னல் பாய்ந்தாலும் அந்த வழியே மின்சாரம் அலுவலகத்துக்கு வராது. செம்புக் கம்பி இழுத்தால் ஒரே இடியில் ரெக்கார்டரும் சேர்ந்து போக வாய்ப்புண்டு.

பிஓஇ ஸ்விட்ச்சில் எத்தனை துளை என்று பார்க்காமல் மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். 802.3ஏஎஃப் தரநிலையில் ஒரு துளைக்கு உச்சம் 15.4 வாட், கேமராவுக்குப் போய்ச் சேர உறுதியாவது 12.95. எட்டுத் துளை இருந்தும் மொத்தமே 60 வாட் தரும் ஸ்விட்ச்சுகள் உண்டு. பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். மாலையில் ஆறு கேமராவும் அகச்சிவப்பு விளக்கைப் போட்டதும் ஒவ்வொன்றாக அணைந்து அணைந்து எழும். கேமரா பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உங்களுக்கு 120 வாட் வேண்டும்.

மேகவண்ணன்
கிளவுடை ஏன் யாரும் பொருட்படுத்தவில்லை? பெட்டி திருடு போகாது, டிஸ்க் கெடாது, பராமரிப்பு அவர்கள் பொறுப்பு.

கணக்கர்
அதே 28 எம்பிபிஎஸ். இரவு பகலாக மேலேற்ற வேண்டும், மாதத்துக்கு 9 டிபி. இணைய இணைப்பு விளம்பரங்களில் சொல்வது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் தனி. நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று ஒன்று ஒளிந்திருக்கும். இணையம் அறுந்த இரவில் பதிவு இல்லை.

மேகவண்ணன்
கேமராவுக்குள் மெமரி கார்டு இருந்தால் இணையம் வந்ததும் விடுபட்டதை ஏற்றிக்கொள்ளும்.

கணக்கர்
அது கேமராவையும் சேவையையும் பொறுத்தது. ஆனாலும் உங்கள் பேச்சில் ஒரு பாதி எனக்குப் பிடித்திருக்கிறது: முழுப் பதிவும் அலுவலகப் பெட்டியில், எண் கேமராக்களின் நிகழ்வுப் படங்கள் மட்டும் வெளியே ஒரு பிரதி. அது சிறிய அளவு, எந்த இணைப்பும் தாங்கும். கேமராவில் மெமரி கார்டு போடுவதும் நல்லதே. ஃபைபர் அறுந்தாலும் அந்த நேரத்துப் பதிவு கையில் இருக்கும்.

வாயிலோன்
நிறையத் தெளிவு கிடைத்தது, நன்றி. இரண்டு ஐயங்கள். ஒன்று, எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறையைப் போட்டால் இடம் பாதியாகும் என்றார் என்விஆர் காரர். கணக்கரின் 9 டிபி அப்போது குறையுமா? இரண்டு, கேமரா ஒரு நிறுவனம், ரெக்கார்டர் இன்னொரு நிறுவனம் என்று வாங்கலாமா?

கணக்கர்
அதற்கு முந்தைய எச்.264 உடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி என்பது உண்மைதான். நான் எழுதிய 4, 6 எம்பிபிஎஸ் எச்.265ஐ மனத்தில் வைத்துத் தாராளமாகப் போட்டவை. பொதுப் பார்வைக் கேமராக்களை 15 ஃபிரேமுக்குக் குறைத்து 3 ஆக்கலாம். எண் கேமராவில் கைவைக்காதீர்கள். ‘ஸ்மார்ட்’, ‘பிளஸ்’ என்ற பெயர்களில் இன்னும் சுருக்கும் வசதி இருக்கும். அசையாத காட்சியில் அது அழகாக மிச்சம் பிடிக்கும், வேகமாகக் கடக்கும் சிறு பொருளில் பிசிறடிக்கும். எண் கேமராவில் அதை அணைத்துவிடுங்கள்.

கண்ணாடிஇழை
இரண்டாவது கேள்விக்கு: வாங்கலாம், இரண்டிலும் ஆன்விஃப் இருந்தால். 2008ல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூவரும் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரநிலை அது. ‘ஆன்விஃப் உண்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள், எந்த புரொஃபைல் என்று கேளுங்கள். புரொஃபைல் எஸ் பழையது, எச்.264 வரைதான். எச்.265 வேண்டுமானால் புரொஃபைல் டி (T) இருக்க வேண்டும். அப்போதும் படம் வரும், எண் வாசிப்பு போன்ற தனிச் சிறப்புகள் ரெக்கார்டருக்கு வந்து சேராமல் போகலாம். எண்ணை எழுத்தாக வாசித்துத் தேட வேண்டும் என்பது கட்டாயமென்றால் அந்த இரண்டு கேமராவையும் ரெக்கார்டரையும் ஒரே நிறுவனத்தில் எடுங்கள். மற்றவை எதுவாகவும் இருக்கட்டும்.

அப்புறம், செல்பேசியில் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் திறந்து விடுவார்கள். கூடாது. 2016ல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த டிவிஆர்களையும் ஐபி கேமராக்களையும்தான் இலட்சக்கணக்கில் பிடித்துப் படையாக்கியது. வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வையுங்கள். கேமராக்கள் தனி நெட்வொர்க்கில் இருக்கட்டும், அவற்றுக்கு இணையமே வேண்டாம். ரெக்கார்டருக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பதைத் தயாரிப்பாளர் தளத்தில் பாருங்கள்; கடைசி ஃபர்ம்வேர் (பெட்டியின் உள்மென்பொருள்) நான்கு ஆண்டுக்கு முந்தையது என்றால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

நடுவர்
இதுவரை ஒருவரும் தொடாத ஒன்று. 140 வீட்டார் எப்போது போகிறார்கள், எப்போது வருகிறார்கள், யாரோடு வருகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கப் போகிறது. அதை யார் பார்க்கலாம்? நிர்வாகக் குழுவில் ஏழு பேர் என்றால் ஏழு செல்பேசியிலும் ஒரே கடவுச்சொல்லோடு ஓடும் என்பதுதான் நடைமுறை. குழு மாறும், கடவுச்சொல் மாறாது.

ரெக்கார்டர் வாங்கும்போதே இதைப் பாருங்கள்: ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, நேரடிப் படம் மட்டும் பார்ப்பவர், பழைய பதிவைப் பார்ப்பவர், பிரதி எடுப்பவர் என்று தனித்தனி உரிமை, யார் எப்போது எதைத் திறந்தார் என்ற குறிப்பேடு. இவை இல்லாத பெட்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சங்கத்துக்கு ஆகாது. எதிர்வீட்டு சன்னல் படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியை மறைக்கும் வசதி வேண்டும். ஒலிப்பதிவை அணைத்து வையுங்கள், அதற்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. கேமரா இருக்கிறது என்ற பலகை வாயிலுக்கு முன்பே தெரிய வேண்டும். 30 நாள் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: ஏன் 30? புகார்கள் எத்தனை நாளுக்குள் வருகின்றன? 15 நாளே போதுமென்றால் டிஸ்க்கும் மிச்சம், தொல்லையும் மிச்சம்.

திண்ணை
நாட்களைக் குறைக்கச் சொல்கிறீர்கள். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்து வண்டியில் கீறல் என்று புகார் கொடுப்பவருக்கு என்ன பதில்?

நடுவர்
அவருக்காக 140 வீட்டாரின் ஒரு மாத நடமாட்டத்தையும் வைத்திருக்க வேண்டுமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். விற்பவர் முடிவு செய்யக் கூடாது என்பதே என் பேச்சு.

வாயிலோன்
இந்தக் கேள்வியைப் பொதுக்குழுவில் வைக்கிறேன். இப்போதைக்கு நான் எழுதியிருப்பது: இரட்டை டிஸ்க் வைக்கும் 8 சேனல் என்விஆர், அலுவலகத்தில். எண்ணுக்கு இரண்டு, பொதுவாக இரண்டு, சிறு கதவுக்கு ஒன்று, அலுவலக வாசலுக்கு ஒன்று. ஃபைபர். வாயிலில் 120 வாட் பிஓஇ ஸ்விட்ச். ஒரு யுபிஎஸ். இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று நகலாக வைப்பதா, இரண்டு இடத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவதா?

கணக்கர்
நகலாக வையுங்கள், இரண்டும் 10 டிபி. டிஸ்க் செத்துப்போனது பெரும்பாலும் பதிவு தேவைப்படும் அன்றுதான் தெரியவரும். பொதுக்குழு 15 நாள் என்றால் 6 டிபி இரண்டு போதும்.

கண்ணாடிஇழை
யுபிஎஸ் இரண்டு வேண்டும். ஸ்விட்ச் வாயிலில் இருக்கிறது. மின்சாரம் போனால் அலுவலகத்தில் ரெக்கார்டர் மட்டும் விழித்திருந்து என்ன செய்யும்? அந்த நேரத்தில்தான் வாயிலும் இருட்டாக இருக்கும். வாயிலில் சுமார் 80 வாட், நான்கு மணி நேரம் என்றால் 320 வாட்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட், 60 ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும். யுபிஎஸ் தானே கொஞ்சம் தின்னும், எனவே அதற்கு அடுத்த பெரிய அளவு.

ரெக்கார்டர் கடிகாரத்தை என்டிபி (நெட்வொர்க்கில் சரியான நேரம் பெறும் முறை) வழியே தானாகச் சரிசெய்ய விடுங்கள், கேமராக்கள் ரெக்கார்டரைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளட்டும். பதினொரு நிமிடம் பிந்திய கடிகாரத்தோடு கொடுக்கும் படத்தை எதிர்த்தரப்பு சந்தோஷமாக வரவேற்கும்.

கம்பிவடம்
பணம் முழுதும் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை, ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல், முன்விளக்கு எரிய, மணிக்கு 20 கிலோமீட்டரில் ஒரு வண்டி உள்ளே வரட்டும். மறுநாள் நிறுவுபவர் ஆள் தொடாமல், உங்கள் குழுவில் ஒருவரே அந்த ஐந்து நிமிடத்தைத் தேடி எடுத்து, பென்டிரைவில் இறக்கி, வேறொரு கணினியில் ஓட்டி எண்ணைப் படிக்க வேண்டும். எம்பி4 ஆக இறங்கினால் நல்லது. தனிப்பட்ட பிளேயர் இல்லாமல் ஓடாத கோப்பு என்றால் அந்த பிளேயரும் கூடவே இறங்க வேண்டும், இல்லையேல் காவல் நிலையத்தில் திறக்காது. தேவையான துண்டை அழியாதபடி பூட்டி வைக்க முடிகிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

பழையதடம்
கோ-ஆக்ஸ் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் இந்தச் சோதனையை மூன்று விலைப்புள்ளிக் காரர்களிடமும் இப்போதே சொல்லிப் பாருங்கள். யார் பின்வாங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

வாயிலோன்
நேற்றே சொன்னேன். கிளவுட் காரர் இணையத்தைப் பொறுத்தது என்றார். டிவிஆர் காரர் இரவுச் சோதனை எதற்கு என்று கேட்டார். என்விஆர் காரர் ஒப்புக்கொண்டார், ஆனால் டிஸ்க்கை மாற்றி, ஷட்டர் அமைக்கக்கூடிய கேமராவோடு விலைப்புள்ளியைத் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறார். நிர்வாகக் கடவுச்சொல்லை யார் வைத்திருப்பது என்பதில் மட்டும் இங்கே இழுபறி.

நடுவர்
உறையில் எழுதி, ஒட்டி, மேல் கையெழுத்திட்டுத் தலைவரிடமும் பொருளாளரிடமும் ஆளுக்கொன்று. நிறுவியவரிடம் இருக்கும் கணக்கைச் சோதனை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள். குழு மாறும் கூட்டத்திலேயே கடவுச்சொல்லும் மாறட்டும், அதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள்.

கம்பிவடம்
வாயில் ஸ்விட்ச் பெட்டிக்குள் கேபிள் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கமாக வைத்து அடைக்கச் சொல்லுங்கள், ஐயா. மேல்பக்கம் துளைத்தால் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும், எறும்பும் குடியேறும்.